காஞ்ச எலும்புக்கு வாடை ஏது

காய்ந்த எலும்புக்கு வாடை கிடையாது என்று சொன்ன வாயில் ஒரு கூடை எலும்பைக் கொட்டி மூடணும். சொன்னவன் பொன்னுத்துரை. தூத்துக்குடிப் பக்கத்து ஆள். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, அக்குளில் இடுக்கிய தோல்பை. கேட்டுத் தலையாட்டியவன் சோலைமலை. அந்த ஒரு தலையாட்டலுக்கு அவன் பெண்டாட்டி அய்யம்மாள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

திண்டுக்கல் டவுனுக்கு வெளியே, கூட்ஸ் ஷெட்டைத் தாண்டிக் கூப்பிடு தூரத்தில் பொட்டிக்குளம். அதன் மேல்கரையில் அப்துல் கையூம் ராவுத்தரின் தோல்ஷாப்பு ஒரு காலத்தில் ஓகோவென்று ஓடியது. அவர் காலமானதும் பிள்ளைகள் மெட்ராஸ் பக்கம் போய்விட்டார்கள். ஷாப்பு மூடியது மூடியதுதான். கொட்டகையின் ஓடு சரிந்து, தோல் ஊறப்போட்ட சுண்ணாம்புக் குழிகளில் எருக்கும் ஆவாரஞ்செடியும் முளைத்துக் கிடந்தன. ஆடு மேய்க்கிறவர்களைத் தவிர யாரும் அங்கிட்டுப் போவதில்லை.

கீழ்க்கரையில் அய்யம்மாளின் மல்லிகைத் தோட்டம். அவள் அய்யா அவளுக்குச் சீராகக் கொடுத்த நிலம். ஷாப்பு ஓடின நாளில் அதில் சோளம்கூட ஒழுங்காக வராது. ஷாப்பு மூடி, நாலைந்து நல்ல மழை குளத்தைக் கழுவிவிட்ட பிறகு கிணற்றுத் தண்ணீர் இனித்தது. அப்புறம்தான் அவள் துணிந்து மல்லிகை வைத்தாள். குடம் குடமாகச் சுமந்து ஊற்றி ஆளாக்கிய செடிகள். பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்த மைதீன் பிச்சை, அவள் கூடை வந்து இறங்கினால் மற்ற கூடையைத் தள்ளி வைப்பார். "குளத்தங்கரைப் பூ வந்துருச்சா?" என்று கல்யாண வீட்டுக்காரர்கள் கேட்டு வாங்குவார்கள். அந்தப் பேர் ஒன்றுதான் அய்யம்மாளுக்குச் சொத்து. மாசி மாசம் மாரியம்மன் பூச்சொரிதல் வண்டிக்கு முதல் கூடை அவள் தோட்டத்துக் கூடைதான்.

அந்த வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. அரும்பை யாரும் மூக்குக்குக் கொண்டுபோகக் கூடாது. எந்தப் பூ சாமிக்குப் போகும், எந்தப் பூ கொண்டைக்குப் போகும் என்று பறிக்கிறவளுக்குத் தெரியாதே! மோந்த பூ எச்சில் பூ. மகள் கண்ணம்மாள் சின்னப் பிள்ளையாக இருக்கையில் ஒரு அரும்பை மூக்கில் வைத்ததற்கு அய்யம்மாள் அவளைப் புறங்கையில் சுள்ளென்று அடித்திருக்கிறாள். வருஷக் கணக்காகப் பூவிலேயே கிடந்தும் தன் தோட்டத்துப் பூவின் வாசம் என்னவென்று கையில் எடுத்து மோந்து பார்த்தவள் இல்லை அவள்.

ஆடிக் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் பொன்னுத்துரை வந்தான். சோலைமலை கிணற்றடி வேம்புக்குக் கீழே உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன அண்ணாச்சி, இவ்வளவு எடம் சும்மா கெடக்கே?" என்று மேல்கரையைக் காட்டினான் பொன்னுத்துரை.

"ராவுத்தர் எடம். கேக்க ஆளில்ல."

"நான் கேட்டுட்டேன். அவுக பிள்ளைக குத்தகைக்கு விட்டுட்டாவ. தூத்துக்குடித் துறைமுகத்துல கப்பலுக்கு நிக்கிற சரக்கப் போட எடமில்ல, பாத்துக்கிடுங்க. இங்கன தண்ணி காலடியில கெடக்கு. ரயிலடி பக்கத்துல. கூரை வேண்டாம், செவுரு வேண்டாம். வெயில்ல கொட்டி வச்சா கப்பல் வாரப்போ வேகன்ல ஏத்திர வேண்டியதுதான். டிப்போ அண்ணாச்சி, பெரிய டிப்போ!"

"என்னா சரக்கு?"

"எலும்பு."

சோலைமலை பீடியை வாயிலிருந்து எடுத்தான். "எலும்பா?"

"ஆட்டெலும்பு, மாட்டெலும்பு. சீமைக்குப் போவுது. அங்க அதுல என்னவெல்லாமோ செய்யுதான். காஞ்சதுதான் அண்ணாச்சி. காஞ்ச எலும்புக்கு வாடை ஏது?" என்று சிரித்தவன், சோலைமலையின் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தான். "ரயிலடிக்கு வண்டி போக உங்க தோட்டத்து ஓரத்துத் தடம்தான் வசதி. அதைக் குடுங்க. குவியலுக்கு அடியில உதிர்ற தூள் பூராவும் உங்களுக்கு. மல்லிகைக்கு எலும்புத்தூள் வச்சா எப்படி இருக்கும்னு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. மல்லிகை வைத்திருக்கிற எவனுக்கும் எலும்புத்தூள் என்றால் வாயில் எச்சில் ஊறும். வேளாண்மை டிப்போவில் ஒரு மூட்டைக்கு நாயாக அலையணும். இங்கே வலிய வருகிறது மூட்டை மூட்டையாக. பொன்னுத்துரை தோல்பையிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்து நீட்டினான். சோலைமலை இரண்டு கையாலும் வாங்கி, அங்கேயே சுண்ணாம்பு தடவி மென்றான். வெற்றிலை மாற்றியாயிற்று. அந்தப் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

சோலைமலை கஞ்சி குடிக்க வந்தபோதுதான் அய்யம்மாளுக்கு விஷயம் தெரிந்தது. கம்மங்கூழை ஊற்றி, வெஞ்சனத்துக்கு மோர் மிளகாயை வைத்தவள், கையிலிருந்த அகப்பையைக் கீழே வைக்கவில்லை.

"ஏய்யா, யாரக் கேட்டு வெத்தலைய வாங்குன?"

"இதுல கேக்க என்னா இருக்கு? வண்டித் தடம்தான கேட்டான். தோட்டத்தையா கேட்டான்?"

"நெலம் எங்கய்யா எனக்குக் குடுத்த சீரு. தடமும் அதுக்குள்ளதான கெடக்கு?"

"ஆமா, நெலம் ஒன்னுது. நான் ஒங்கய்யா வீட்டுப் பண்ணையாளு. போதுமா?"

"மேக்குக் காத்து அடிச்சா அம்புட்டு வாடையும் பூவு மேலதான வந்து எறங்கும்? அத நெனச்சியா?"

"காஞ்ச எலும்புடி. காஞ்சதுல ஏது வாடை? தோல்ஷாப்பு நாத்தத்தையே பாத்தவுக நம்ம."

"அந்த நாத்தம் போறதுக்கு எத்தன வருசம் காத்துக் கெடந்தேன்னு எனக்குத்தான் தெரியும். போய் வெத்தலையத் திருப்பிக் குடுத்துட்டு வா."

"மென்டு துப்புன வெத்தலைய எங்கிட்டுப் போய்த் திருப்ப?"

வெற்றிலை மாற்றிவிட்டுப் பேச்சு மாறின வீடு என்று பேரெடுத்தால் நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்கு எவன் வாசலிலும் போய் நிற்க முடியாது. வாயை மூடிக்கொண்டாள். மூடியிருக்கக் கூடாது.

ஆவணியில் வண்டிகள் வர ஆரம்பித்தன. வத்தலக்குண்டுப் பக்கமிருந்தும் ஒட்டன்சத்திரம் பக்கமிருந்தும் வந்தன. காய்ந்ததாம், காய்ந்தது! விலா எலும்பில் ஜவ்வு தொங்கியது. தாடையில் பல்லோடு சதையும் ஒட்டியிருந்தது. கொம்பின் அடியில் மயிர், குளம்புக்குள் புழு. சரிந்த கொட்டகையை இடித்துத் தள்ளிவிட்டு, குழிகளை மண் போட்டு நிரவி, அதன் மேலேயே கொட்டினார்கள். ஒரு மாசத்தில் குளத்தங்கரையில் இன்னொரு கரை எழும்பியது. புளியமரம் பூராவும் பருந்து. நாய்கள் எலும்பைக் கவ்வி வந்து மல்லிகைப் பாத்திக்குள் புதைத்தன. சோற்றை எடுத்து வாயில் வைப்பதற்குள் ஈ உட்கார்ந்துவிடும். அய்யம்மாள் ஒரு கையால் விசிறிக்கொண்டே மறு கையால் சாப்பிடப் பழகினாள்.

டிப்போவில் எலும்பு பிரிக்கப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வந்தார்கள். அதில் சின்னக்கண்ணு என்கிறவள் ஒருநாள் வேலியோரம் வந்து நின்றாள். முந்தானையால் வாயையும் மூக்கையும் கட்டியிருந்தாள்.

"அக்கா, ரெண்டு பூக் குடுக்கா."

"எதுக்கு? கோயிலுக்கா?"

"மூக்குல வச்சுக்கிறக்கா. சோத்துச் சட்டியத் தொறந்தா கொமட்டுது. பூவ மூக்குல சொருகிக்கிட்டுத் தின்டா ரெண்டு வாய் எறங்கும்."

அய்யம்மாள் பூ மடியை அவிழ்த்தாள். வேறு வேளையாக இருந்தால் பூவை மூக்கில் வைக்கக் கேட்டதற்கு வைது விரட்டியிருப்பாள். ஒரு கை நிறைய அள்ளிக் கொடுத்தாள். "கூலி வேற எங்கயும் கெடைக்கலயாத்தா?" என்று கேட்டாள்.

"கெடச்சா இங்கிட்டு வருவனாக்கா?" என்றாள் சின்னக்கண்ணு.

ஐப்பசி மழை அந்த வருஷம் விட்டு விட்டுப் பெய்தது. நனைந்த குவியலிலிருந்து பழுப்புத் தண்ணீர் கோடு கோடாகக் குளத்துக்குள் இறங்கியது. மழை விட்டதும் பொன்னுத்துரை ஆட்களை விட்டு எலும்பைக் குளத்திலேயே அலசச் சொன்னான். வெளுப்பாக இருந்தால்தான் கம்பெனிக்காரன் எடுப்பானாம். குளத்தின் மேல் கொழுப்பு ஆடையாக மிதந்தது. அதே குளத்து ஊற்றுதான் அய்யம்மாளின் கிணற்றுக்கும்.

கார்த்திகைக் கடைசியில், அந்த நேரம் பார்த்துத்தான் மகள் கண்ணம்மாளை ஏழாம் மாசம் வளைகாப்புப் போட்டுத் தலைப் பிரசவத்துக்கு அழைத்து வந்திருந்தார்கள். வந்த அன்றைக்கே அவள் செம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஆத்தா, தண்ணி நாறுதுத்தா."

"வாயும் வயிறுமா இருக்கவளுக்கு எல்லாம் அப்படித்தான்டி இருக்கும். மூக்கப் பிடிச்சிக்கிட்டுக் குடி."

"பூக்கூடைகூட என்னமோ மாதிரி அடிக்குதுத்தா."

"பூவப் பத்திப் பேசாத. வாயக் கழுவு."

குடிதண்ணீருக்கு மட்டும் டவுன் பைப்பிலிருந்து ஒரு குடம் எடுத்துவரச் சொன்னாள் அய்யம்மாள். அதையும் மகளுடைய பிடிவாதத்துக்காகச் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் செய்தாள். பொங்கலுக்கு வந்த மருமகன் ஆண்டிச்சாமி கிணற்றடியில் கை கால் கழுவி, ஒரு வாய் கொப்பளித்தவன், ஓங்கரித்துக்கொண்டு வேம்படியில் உட்கார்ந்துவிட்டான். மறுநாளே வண்டி கட்டிப் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். தலைப்பிள்ளையை மாமியார் வீட்டில் பெறப் போனாள் கண்ணம்மாள். ஊரில் நாலு பேர் கேட்க, "அவுக வீட்டுல வேலைக்கு ஆளில்லையாம்" என்று பொய் சொன்னாள் அய்யம்மாள். சொல்லும்போதே தன் பேச்சு தனக்கே அருவருப்பாக இருந்தது.

சோலைமலை மட்டும் அசையவில்லை. மார்கழியில் செடிகளைக் கவாத்து வெட்டி, மூட்டை மூட்டையாக எலும்புத்தூளைத் தூரில் கொட்டி மண் அணைத்தான். இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட்டான். நகக்கண்ணெல்லாம் அந்தத் தூள். சொல்லக்கூடாது, செடி அப்படி வந்தது. மாசி பிறந்ததும் இலை தெரியாமல் அரும்பு. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நுனி கனம். அவன் வேலியோரம் நின்று தோட்டத்தைப் பார்த்துப் பார்த்து மீசையைத் தடவினான்.

"பாத்தியா? வெத்தல வாங்குனேன் வெத்தல வாங்குனேன்னு குதிச்சியே. இந்த மாதிரிப் பூவ ஒங்கய்யா காலத்துல பாத்தியாடி?"

அய்யம்மாளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மகள் போன துக்கத்தைக்கூட அந்த அரும்பைப் பார்த்து ஆற்றிக்கொண்டாள். விடியுமுன்னே பறித்து, கிணற்றுத் தண்ணீரைத் தெளித்து, ஈரத்துணி போட்டு மூடிக் கூடையைத் தலையில் ஏற்றினாள். பூ வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளிப்பது எல்லோரும் செய்வதுதான். வழியெல்லாம் கூடையிலிருந்து நெற்றியில் சொட்டியது.

மைதீன் பிச்சை துணியை விலக்கினார். விலக்கியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் துண்டை எடுத்து மூக்கைத் துடைத்தார். பிறகு துணியைப் பழையபடி மூடினார்.

"என்னா பாய், அரும்பு நல்லால்லயா?"

"அரும்புக்கு என்னா கொற? கண்ணு பட்டுரும்." அவர் குரலைத் தணித்தார். "கடைக்குப் பின்னாடி வா தங்கச்சி, ஒரு வார்த்த சொல்லணும்."

"என்னாவாம்? இங்கனயே சொல்லுங்க."

"நாலு பேரு இருக்காங்கம்மா. வா."

கடைக்குப் பின்னால் வாழை மட்டைகளும் அழுகின பூவும் குவிந்து கிடந்தன. அந்த இடத்தில் நின்றுதான் சொன்னார்.

"முந்தாநாளு ஒன் பூவு ஒரு கல்யாண வீட்டுக்குப் போச்சு. பொண்ணு தலையில வச்ச செத்த நேரத்துல வாந்தி எடுத்துருச்சாம். மாப்பிள்ள வீட்டாளுக வேற மாதிரிப் பேசிட்டாங்களாம். பொண்ணோட அப்பன் இங்க வந்து சரத்தத் தூக்கி எம்மூஞ்சில எறிஞ்சாரு. நானும் நம்பல. மோந்து பாத்தேன். அல்லா அறியச் சொல்றேன், பூவு பொண வாடை அடிக்குது."

"பாய்!"

"பத்து வருசமா ஒன் பூவ விக்கிறேன். எனக்குச் சொல்ல வாய் வருமா? சொல்லாம இருந்தா அது துரோகம். மார்க்கெட்டுல எலும்புக்கரைப் பூவுன்னு பேரு வச்சிட்டானுங்க. நாளன்னைக்குப் பூச்சொரிதல் வண்டிக்கு ஒங்கூடையக் கொண்டாந்துராதம்மா. அங்க வச்சு யாராவது ஒண்ணு சொல்லி, நீ கூனிக் குறுகி நிக்கிறதப் பாக்க என்னால ஆகாது."

கூடையைத் திரும்பத் தலையில் தூக்கிவிட்டதும் அவர்தான். அய்யம்மாள் எப்படி நடந்து வந்தாளோ. கூட்ஸ் ஷெட் தாண்டியதும் ஆளில்லாத இடத்தில் கூடையை இறக்கினாள். ஒரு அரும்பை எடுத்தாள். அந்த நிலைமையிலும் "ஆத்தா மாரி, பொறுத்துக்க" என்று சொல்லிவிட்டுத்தான் மூக்குக்குக் கொண்டுபோனாள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஆறு மாசமாக அதிலேயே கிடந்த மூக்கு. இன்னொரு அரும்பை எடுத்து, மூச்சை இழுத்தாள். மல்லிகை வாசத்துக்கு அடியில் அது இருந்தது. கொழுப்பும் குளம்பும் ஊறின வாடை. ஈரத்துணியை மோந்தாள், கை விரலை மோந்தாள், முந்தானையை மோந்தாள். எல்லாம் அதுதான். வாழ்க்கையில் முதல்முதலாக மோந்த தன் தோட்டத்துப் பூ, பிணமாக நாறியது. ரோட்டோரத்தில் குந்தி, குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். மகள் சொன்னாளே, பாவி மகள் சொன்னாளே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது சோலைமலை சிரித்தான்.

"பாய் வெலையக் கொறைக்கப் பாக்குறாரு."

"அவரு அப்படிப்பட்ட மனுசரா? இந்தா, நீயே மோந்து பாரு."

"சீ, சாமிக்குப் போற பூவ மோக்கச் சொல்றியா? எனக்கு ஒரு வாடையும் வரல."

"ஒனக்கு எப்படிய்யா வரும்? அந்தத் தூளுலயே குளிக்கிற."

அன்றைக்குச் சாயங்காலம் பறிக்காத அரும்பெல்லாம் செடியிலேயே வெடித்துத் தோட்டம் வெள்ளை வெளேரென்று கிடந்தது. மறுநாளும் அப்படித்தான். பூச்சொரிதல் அன்றைக்கு டவுன் பக்கம் மேளச் சத்தம் கேட்டது. அவள் கிணற்றடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எத்தனையோ வருஷம் முதல் கூடையாகப் போன பூ, இந்த வருஷம் வண்டு தின்னக் கிடந்தது.

இரண்டு நாள் கழித்துப் பொன்னுத்துரை பல்லெல்லாம் தெரிய வந்தான்.

"அண்ணாச்சி, பூ விக்கலன்னு கேள்விப்பட்டேன். கவலய விடுங்க. நாளைக்குப் பூராப் பூவையும் நானே எடுத்துக்கிடுதேன். தூத்துக்குடிக் கம்பெனி ஆபீசர் டிப்போவப் பாக்க வாராரு. ஆளு கொஞ்சம் மூக்குச் சொரணைக்காரரு. வாசல்ல தோரணம் கட்டி, பாதை பூராப் பூவ எறச்சு, கழுத்துக்கு ஒரு பெரிய மாலையும் போட்டுட்டா வாசம் தூக்கிரும். அவரு பிடிச்சுப்போனா டிப்போ இன்னும் ரெண்டு மடங்கு பெருகும்லா."

நீட்டிய வெற்றிலையை சோலைமலை இந்தத் தடவையும் இரண்டு கையாலும் வாங்கினான். மகமாயிக்குப் போன பூ, எலும்பு நாற்றத்தை மறைக்கப் போகிறது. வாங்குகிறான், வெட்கங்கெட்ட மனுஷன், சிரித்துக்கொண்டே வாங்குகிறான். அய்யம்மாளுக்கு அவன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"அந்தப் பூவு நாறும்யா," என்றாள் பொன்னுத்துரையைப் பார்த்து. "போட்டா அவரு ஓடிப் போவாரு."

"மல்லிகை நாறுமாக்கா? நல்லா சொன்னிய போங்க!" என்று இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

"சரி. நான் சொல்லிட்டேன். மாலைய நானே கட்டித் தாரேன். இறுக்கமாவே கட்டித் தாரேன்."

கட்டினாள். மணிக்கட்டு கனத்துக்கு, உருண்டையாக, ஒரு அரும்பு பிசகாமல் கட்டினாள். வாடக் கூடாது என்று கிணற்றுத் தண்ணீரைத் தெளித்து ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தாள். சோலைமலை வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு மாலையைத் தட்டில் ஏந்திப் போனான். அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் பின்னால் இருந்த உடைமுள் காட்டுக்குப் போனாள்.

ஆபீசர் கறுப்புக் காரில், மல்லிகைத் தோட்டத்துத் தடத்தில் ஆடி ஆடி வந்து இறங்கினார். கைக்குட்டை மூக்கில்தான் இருந்தது. பொன்னுத்துரை குனிந்து வளைந்து மாலையை எடுத்துக் கழுத்தில் போட்டான். மாலை அவர் முகவாய் வரைக்கும் ஏறி நின்றது. மரியாதைக்காகக் கைக்குட்டையை எடுத்துவிட்டு, பூவில் முகம் வைத்து நன்றாக மூச்சை இழுத்தார் அந்த மனுஷர்.

அவ்வளவுதான். கண் பிதுங்க ஓங்கரித்தார். கழுத்திலிருந்து மாலையைப் பிய்த்து எறிந்தார். அது எலும்புக் குவியல் மேல் போய் விழுந்தது.

"என்னய்யா மாலை இது? பொணத்து மேல கெடந்தத எடுத்துப் போட்டியா?"

எலும்பு பிரித்துக்கொண்டிருந்த சின்னக்கண்ணு முந்தானைக்குள் சிரித்தாள். பொன்னுத்துரை, "ஐயா, ஐயா" என்று காரைப் பார்க்க ஓடினான். சோலைமலை வெற்றுத் தட்டோடு நின்றான். அவன் தோட்டத்துப் பூ. ஊரே கேட்டு வாங்கின பூ. குவியல் மேல் ஏறி மாலையை எடுத்தான். எடுத்தவன் என்ன நினைத்தானோ, அதை மூக்குப் பக்கம் கொண்டுபோனான். பிறகு மெதுவாகக் கீழே போட்டுவிட்டான்.

கார் திரும்பித் தடத்துக்கு வந்தபோது குறுக்கே உடைமுள் கிடந்தது. ஆள் உயரத்துக்கு அடுக்கி, நடுவில் கல் தூக்கி வைத்திருந்தாள் அய்யம்மாள். கையெல்லாம் கீறி ரத்தம். அரிவாள் இடுப்பில்.

"என்னக்கா இது? வழிய விடுங்க," என்றான் பொன்னுத்துரை.

"காரு போகட்டும். அவரு என்னா பண்ணுவாரு பாவம்." ஒரு கொத்து முள்ளை இழுத்துக் கார் போக மட்டும் வழிவிட்டாள். கார் போனதும் திரும்ப இழுத்து மூடினாள். "இனி எலும்பு வண்டி இதுல போகாது."

"வேகன் வந்து நிக்குக்கா! கப்பலுக்கு நாள் குறிச்சாச்சு. வெத்தல மாத்திட்டுல்லா தடத்தக் குடுத்தீய? இப்படிப் பேச்சு மாறுனா எப்படி?"

"வெத்தலைய மென்டவன் அந்தா நிக்கிறான். அவங்கிட்டப் போய்க் கேளு. நெலம் அவனுது இல்ல, எங்கய்யா எனக்குக் குடுத்தது. எங்கையில நீ வெத்தல குடுத்தியா? நான் வாங்குனனா?"

"அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க அண்ணாச்சி!"

சோலைமலை முள்வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். பழக்கத்தில் ஒரு முள்ளைப் பிடித்து இழுக்கக் கை நீட்டினான்.

"தொட்டுப் பாரு," என்றாள் அய்யம்மாள். "தொட்டுட்டு அந்த எலும்பு மேலயே போய்ப் படுத்துக்க. வீட்டுப் பக்கம் வந்துராத. பேச்சு மாறுன வீடுன்னு ஊரு என்னயக் காறித் துப்பட்டும். தொடச்சிக்கிறேன். இத என்னால தொடைக்க முடியல."

அவன் கையை இழுத்துக்கொண்டான். பொன்னுத்துரை கெஞ்சினான், மிரட்டினான், போலீஸ் என்றான், வக்கீல் என்றான். அவள் கல் மேல் உட்கார்ந்துவிட்டாள். பொழுது சாய்ந்ததும் நுகத்தடியில் கட்டியிருந்த மாடுகளை அவிழ்த்துக்கொண்டு வண்டிக்காரர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். பின்னால் தோட்டத்தில் அன்றைக்குப் பறிக்காமல் விட்ட அரும்பு வெடித்துக்கொண்டிருந்தது. கிணற்றை எத்தனை தடவை இறைத்தால் ஊற்றுத் தெளியும், தூரைத் தோண்டி அந்தத் தூளை எடுத்தால் செடி தங்குமா, அப்படியே தங்கினாலும் அந்தப் பேர் போகுமா? எதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

வேலி தாண்டிச் சுற்றுவழியாக சோலைமலை வீட்டுக்கு வந்தபோது அவள் சோறாக்கி இறக்கியிருந்தாள். டவுன் பைப்பிலிருந்து எடுத்து வந்த தண்ணீரில் ஆக்கிய சோறு. கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. தட்டில் போட்டு நகர்த்தினாள். அவன் பிசைந்தான். ஒரு வாய் எடுத்து உதட்டருகே கொண்டுபோனவன் அப்படியே நிறுத்தினான். திரும்ப ஒரு தடவை கொண்டுபோனான். முடியவில்லை. தட்டைத் தள்ளி வைத்தான்.

"கொழம்பு நாறுது அய்யம்மா."

அவள் விசிறிக்கொண்டிருந்த மட்டையைக் கீழே வைத்தாள்.

"கொழம்பு நாறல," என்றாள். "ஒங்கையி நாறுது."